பச்சை டயலுக்கு ஒரு சிபாரிசு

ஆயுளில் ஒரே ஒரு நல்ல கைக்கடிகாரம் வாங்குவது என்று தீர்மானித்துக் கடைப்படி ஏறுகிறவருக்கு, கடைக்காரரும், உடன் வந்த மைத்துனரும், விஷயம் தெரிந்தவரென்று பெயரெடுத்த நண்பரும் ஒருமித்துச் சொல்லும் யோசனை, வெள்ளை டயல் வாங்குங்கள், பிடிக்காவிட்டால் கறுப்பு வாங்குங்கள் என்பதுதான். நீலம் சற்றே துணிச்சல் உள்ளவர்களுக்கு; பச்சையோ, முன்பே நாலைந்து வைத்துக்கொண்டு மேலும் எதையாவது வாங்க ஆசைப்படும் சௌகரியஸ்தர்களுக்கு என்பது எங்கும் எழுதிவைக்கப்படாத, ஆனால் எல்லோரும் அனுசரிக்கிற சாஸ்திரம். இந்தச் சாஸ்திரத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. பல கடிகாரங்கள் உள்ளவர் அன்றன்றைய உடைக்கும் மனநிலைக்கும் ஏற்றபடி மாற்றிக் கட்டிக்கொள்ளலாம். அவருக்கு வெள்ளை எப்போதும் வெள்ளையாகவே இருந்தாலும், கறுப்பு கறுப்பாகவே இருந்தாலும் நஷ்டமில்லை. ஒன்றே ஒன்றை வைத்துக்கொண்டு, அதையே ஆபீஸுக்கும் கல்யாணத்துக்கும் துக்க வீட்டுக்கும் ரயில் பயணத்துக்கும் கட்டிக்கொண்டு, பத்து இருபது வருஷ காலம் தினந்தோறும் எத்தனையோ தடவை அதன் முகத்தில் விழிக்க வேண்டியவருக்குத்தான், வீட்டுக்குள் ஒரு முகமும் வெயிலில் வேறொரு முகமும் காட்டக்கூடிய வர்ணம் தேவை. அந்த யோக்கியதை ஆழ்ந்த பச்சைக்கு இருப்பதுபோல வேறு எதற்கும் இல்லை என்பது என் கட்சி.

நம் நாட்டில் வெள்ளை டயல் இத்தனை காலம் ஆட்சி செலுத்தியதற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. கடிகாரம் என்பது மாப்பிள்ளைக்குச் செய்யும் சீர்களில் ஒன்றாகவும், உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெறுகிறவருக்குச் சகாக்கள் பணம் சேர்த்து வாங்கித் தரும் ஞாபகப் பொருளாகவும் இருந்த காலத்தில், அது மங்களகரமாகத் தோன்ற வேண்டும், யார் கண்ணையும் உறுத்தக்கூடாது, வயதானவர் மூக்குக்கண்ணாடியைத் தேடாமல் மணி பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிற நிபந்தனைகள் தாமே வந்து சேர்ந்தன. இயந்திரக் கருவிகள் செய்வதற்காகப் பெங்களூரில் 1953-இல் ஏற்பட்ட ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்னும் அரசாங்க ஸ்தாபனம், ஜப்பானின் சிட்டிஸன் கம்பெனியோடு ஒப்பந்தம் செய்துகொண்டு 1961-இல் கைக்கடிகாரம் செய்யப் புகுந்து, முதல் கடிகாரங்களைப் பண்டித நேருவின் கையால் வெளியிட்டபோது, எச்.எம்.டி. என்ற மூன்றெழுத்து தேசம் முழுவதும் கடிகாரத்துக்கு மறுபெயராயிற்று. தினமும் காலையில் சாவி கொடுத்து ஓட்ட வேண்டிய அந்த 'ஜனதா' கடிகாரத்தின் வெளிர் முகம் ஒரு தலைமுறைக்கே கடிகாரம் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை மனத்தில் பதித்துவிட்டது. கறுப்பு முகத்தில் பெரிய எண்கள் பொறித்த 'பைலட்' கட்டியவர் சற்று மிடுக்கானவர் என்று கருதப்பட்டார். அந்த வரிசையில் பச்சைக்கு நாற்காலி போடப்படவில்லை.

ஆனால் பச்சை அந்நிய வர்ணம் அல்ல. மற்ற வர்ணங்களைவிட விசித்திரமான, துக்கம் கலந்த சரித்திரம் கடிகார முகத்தில் அதற்கு உண்டு. முதல் உலக யுத்தத்தில், பதுங்கு குழிகளில் இருந்த சிப்பாய்கள் விளக்கேற்றாமல் மணி பார்க்க வேண்டியிருந்ததாலே கைக்கடிகாரம் ஆண்களிடையே பரவியது என்பதும், அவ்வாறு இருட்டில் மணி காட்டுவதற்காக முட்களிலும் எண்களிலும் ரேடியம் கலந்த பூச்சு தீற்றப்பட்டது என்பதும் பலர் அறிந்தவை. ரேடியம் வெளிவிடும் கதிர்கள் உடன் கலந்த துத்தநாக சல்பைடைத் தாக்கும்போது எழும் மங்கிய பச்சை வெளிச்சந்தான் அந்த அதிசயம். அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி ராஜ்யத்தின் ஆரஞ்ச் நகரில் யுனைடெட் ஸ்டேட்ஸ் ரேடியம் கார்ப்பரேஷன் நடத்திய தொழிற்சாலையில், மெல்லிய தூரிகையின் நுனி கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காக அதை உதட்டில் வைத்துக் கூர்செய்யும்படி கற்பிக்கப்பட்ட இளம் பெண்கள், ஒவ்வொரு டயலுக்கும் ஒவ்வொரு துளியாக அந்த விஷத்தை விழுங்கினார்கள். பல் உதிர்ந்து, தாடை எலும்பு அரித்து, இளமையிலேயே மாண்டவர்கள் பலர். கிரேஸ் ஃபிரையர் என்ற பெண்ணும் வேறு நால்வரும் 1927-இல் தொடர்ந்த வழக்கு மறு வருஷம் ராஜியில் முடிந்தது; தொழிலாளர் பாதுகாப்புச் சட்டங்களின் சரித்திரத்தில் அந்த வழக்குக்கு நிரந்தரமான இடம் கிடைத்தது. இதில் இன்னொரு வினோதம் கவனிக்கத்தக்கது: ரேடியத்தின் வீரியம் பாதியாகக் குறைய ஏறக்குறைய 1,600 வருஷம் ஆகும், அதன் கதிர்களால் அடிபட்ட துத்தநாக சல்பைடோ சில பத்தாண்டுகளில் சீர்கெட்டு ஒளிர்வதை நிறுத்திவிடும். ஆகவே பாட்டனார் காலத்து ரேடியம் டயல் இருட்டில் மின்னவில்லை என்பதைக் கண்டு அது உயிரற்றது என்று நினைத்து, மூடியைத் திறந்து நகத்தால் சுரண்டிப் பார்ப்பது அபாயகரமான வேலை.

இருட்டில் ஒளிரும் எதையும் நம் ஊர்களில் இன்னும் ரேடியம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். சைக்கிள் மட்கார்டில் ஒட்டும் ஸ்டிக்கருக்கும் அதுவே பெயர். இப்போது வரும் கடிகாரங்களில் அந்தப் பழைய சனியன் இல்லை. ஜப்பானின் நெமோட்டோ கம்பெனி 1993-இல் கொண்டுவந்த ஸ்டிரான்ஷியம் அலுமினேட் வகைப் பூச்சு, பகல் வெளிச்சத்தைக் குடித்து இரவில் பச்சையாக உமிழ்கிறது. யாருக்கும் கெடுதல் இல்லை. அதுவும் ஏன் பச்சை என்று கேட்டால், இருட்டுக்குப் பழகிய மனிதக் கண் சுமார் 507 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீலம் தோய்ந்த பச்சைக்கே அதிகமாக வசப்படுவதுதான் காரணம். அந்த வர்ணத்தில் ஒளிரும் பூச்சு, குறைந்த ஒளியிலும் நெடுநேரம் கண்ணுக்குத் தெரிந்துகொண்டிருக்கும். பட்டப்பகலில் இந்தக் கூர்மை சுமார் 555 நானோமீட்டருக்கு, அதாவது மஞ்சள் கலந்த இளம்பச்சைக்கு, நகர்கிறது. பொழுது சாயும்போது சிவப்பு முதலில் கறுத்துப் போவதையும் பச்சையும் நீலமும் பின்தங்கி நிற்பதையும் போஹீமிய சாஸ்திரியான புர்கின்யே கவனித்து எழுதி இரண்டு நூற்றாண்டு ஆகிறது.

இந்த உண்மையை வைத்துக்கொண்டு, பச்சை டயல் கண்ணுக்குக் குளிர்ச்சி, பார்வைக்கு நல்லது என்று வைத்தியம் பேசும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அதை நம்ப வேண்டியதில்லை. கண் ஒரு வர்ணத்தை எளிதில் உணர்கிறது என்றால், சமமான ஒளியில் அது பிரகாசமாகத் தோன்றுகிறது என்றுதான் பொருள். கண்ணுக்கு அது மருந்து என்று அர்த்தமாகாது. ஒன்றரை அங்குல அகலமுள்ள தகட்டைச் சில விநாடி பார்ப்பதனால் எந்தக் கண்ணும் குளிரப் போவதில்லை. பச்சைக்காக நான் வாதாடுவது ஆரோக்கியத்தின் பேரில் அல்ல.

நாகரிகத்தின் பேரிலும் அல்ல. பச்சை டயல் இந்த நூற்றாண்டில் எப்படிப் பிராபல்யம் அடைந்தது என்பது சற்று வேடிக்கையான கதை. ரோலெக்ஸ் கம்பெனிக்குப் பச்சை நெடுங்கால விலாச வர்ணம். அவர்களுடைய பெட்டியும் முத்திரையும் பச்சை. தங்கள் 'சப்மரீனர்' என்ற முக்குளிப்பவர் கடிகாரத்தின் பொன்விழாவுக்கு 2003-இல் அதன் வெளிவளையத்தை மட்டும் பச்சையாக்கினார்கள். 2010-இல் வளையத்தோடு டயலையும் பச்சையாக்கினார்கள். அமெரிக்கச் சித்திரக் கதைகளில் வரும் பச்சை நிற ராட்சதனின் பெயரால் 'ஹல்க்' என்று ரசிகர்கள் அதற்குச் செல்லப்பெயர் சூட்டினார்கள். ஆரம்பத்தில் இது என்ன கோலம் என்று முகஞ்சுளித்தவர்களே, 2020-இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டதும் அதற்காக அலைந்தார்கள். மறு வருஷம் ஐரோப்பாவின் பெரிய வீடுகளெல்லாம் சொல்லிவைத்தாற்போல் பச்சை உடுத்திக்கொண்டன: கார்ட்டியே தன் 'டாங்க்' நீள்சதுரத்தில், ஓட்மார் பிகே தன் எண்கோணத்தில், பாடெக் ஃபிலிப் தன் 'நாட்டிலஸ்' என்ற எஃகுக் கடிகாரத்தில். சுமார் 35,000 டாலர் விலையிட்ட அந்த ஆலிவ்பச்சை நாட்டிலஸ், 2021 ஜூலையில் மோனாகோவில் நடந்த ஏலத்தில் நாலு லட்சம் யூரோவுக்கு மேல் போயிற்று. ஏலத்துக்கு வந்தபோது அதன் தொழிற்சாலை உறைகூடப் பிரிக்கப்படவில்லை. மணி பார்ப்பதற்காகச் செய்த பொருளை, அதன் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்காமல், கண்ணாடிக் காகிதத்தோடு கை மாற்றுவதற்கு வியாபாரம் என்று பெயர் சொல்லலாம். கடிகாரம் வாங்குதல் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இருந்தாலும் அந்தப் பெரிய இடத்துக் கூத்தினால் நமக்கு விளைந்த நன்மை ஒன்று உண்டு. மேலே விழுந்த மழை ஓடைக்கும் வந்து சேரும் என்பது போல, பத்து வருஷத்துக்கு முன் கேட்டால் கடைக்காரர் உள்ளே போய்த் தேடிவிட்டுக் கையை விரித்த பச்சை டயல், இப்போது சில ஆயிரம் ரூபாய்க் கடிகாரங்களிலும் கிடைக்கிறது. சிட்டிஸனும் ஸெய்கோவும் டிஸ்ஸோவும் டைட்டனும் பல சாயல்களில் அதைச் செய்கின்றன. தேர்ந்தெடுப்பதில்தான் இப்போது சிரமம். ஏனென்றால் பச்சையைப் போல ஏமாற்றும் வர்ணம் வேறு இல்லை.

நம் வீட்டுப் பெண்கள் பட்டுப்புடவை எடுக்கும்போது, விற்பனையாளர் எத்தனை விளக்கின் கீழ் விரித்துக் காட்டினாலும் திருப்தியடையாமல், புடவையைத் தூக்கிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து தெரு வெளிச்சத்தில் பார்ப்பார்கள். கூட வந்த ஆண்கள் அதைக் கண்டு பொறுமை இழப்பார்கள். கடிகாரக் கடையில் அந்த ஆண்கள் கற்றுக்கொண்டு செய்ய வேண்டிய காரியம் அதுவே. கண்ணாடிப் பெட்டிக்குள் நகைக்கடைபோல் பாய்ச்சப்பட்ட வெளிச்சத்தில் மரகதமாக ஜொலிக்கும் டயல், வீட்டுக்குப் போய் மஞ்சள் பல்பின் கீழ் பார்த்தால் பாசி படிந்த குளத்து நீராகக் கறுத்துக் கிடக்கும். காரணம், அந்த விளக்கின் ஒளியில் சிவப்பும் மஞ்சளும் மிகுந்து, பச்சையும் நீலமும் குறைந்திருப்பதுதான். எனவே வாசலுக்கு எடுத்துப் போங்கள். நேர் வெயிலில் ஒரு தரம், கட்டடத்தின் நிழலில் ஒரு தரம், பிறகு உள்ளே வந்து சாதாரண ட்யூப் லைட்டின் கீழ் ஒரு தரம் பாருங்கள். இந்த மூன்று இடத்திலும் முட்கள் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது முதல் நிபந்தனை. மூன்று இடத்திலும் வர்ணம் ஒன்றாகவே இருக்கக் கூடாது என்பது என் சொந்த நிபந்தனை. வெயிலில் மட்டும் பச்சை, நிழலில் கரும்பச்சை, அறைக்குள் ஏறக்குறைய கறுப்பு என்று படிப்படியாக ஒடுங்குகிற டயலே, முன்னே நான் சொன்ன அந்த ஒற்றைக் கடிகாரத்துக்குத் தகுந்தது. எங்கே பார்த்தாலும் கிளியின் சிறகுபோல் ஒரே பச்சையாக எதிர்த்து நிற்பதை, பல கடிகாரம் உள்ள சீமான்களுக்கே விட்டுவிடலாம்.

ஒடுங்கும் குணம் எங்கிருந்து வருகிறது என்றால், டயல் செய்யும் முறையிலிருந்து. சாதாரணமாக டயலின் அடிப்பாகம் பித்தளைத் தகடு. நடுவிலிருந்து விளிம்பு நோக்கிச் சூரிய கிரணங்கள்போல் நுண்ணிய கோடுகள் விழும்படி அதைத் தேய்த்து, அதன்மேல் ஊடுருவிப் பார்க்கக்கூடிய பச்சை அரக்குப் பூச்சைப் பலமுறை ஏற்றுவது ஒரு முறை. இங்கே ஒளி பூச்சினூடே புகுந்து, தகட்டில் பட்டுத் திரும்புகிறது. வெளிச்சம் சரியான கோணத்தில் விழுந்தால் பச்சை பளீரென்று விரிந்து மணிக்கட்டைத் திருப்பத் திருப்ப விசிறிபோல் நகரும், கோணம் தவறினால் கண்ணுக்கு ஒளி திரும்பாமல் கறுப்பாகும். வர்ணப் பொடி நிறைந்த மங்கல் பூச்சு மற்றொரு முறை; அது பளபளக்காது, ஆனால் எக்கோணத்திலும் மணி தெளிவாகத் தெரியும். பட்டாளத்துச் சீருடை நிறத்தில் வரும் வேலைக்காரக் கடிகாரங்கள் இந்த வகை; வெயிலில் அலையும் உத்தியோகஸ்தர்களுக்கு அவற்றையே சிபாரிசு செய்வேன். விளிம்பில் கறுத்து நடுவில் வெளுக்கும் புகைப்பூச்சு பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடித் தூளை உலோகத்தின்மேல் தூவி 800 டிகிரி அளவு சூட்டில் சுட்டு எடுக்கும் எனாமல், செம்புத் தாது கலந்த மலகைட் கல்லைக் காகிதம்போல் அறுத்துப் பதிக்கும் கல் டயல் ஆகியவை ராஜாங்க விவகாரங்கள். அறுக்கும்போதே உடைந்து போகும் கற்களின் விலையையும் உடையாத கல்லை வாங்குகிறவரே கொடுக்கிறார்.

இவற்றுக்கெல்லாம் உதாரணமாக எந்தக் கடிகாரத்தைக் காட்டுவாய் என்று யாராவது கேட்டால், ஸ்விட்ஸர்லாந்தை விட்டு ஜப்பானுக்குப் போவேன். மலையேறும் தங்கள் நாட்டு மனிதர்களுக்காக ஸெய்கோ 1959-இல் 'ஆல்பினிஸ்ட்' என்ற பெயரில் தொடங்கிய வரிசையில், 1995-இல் ஒரு பச்சை டயல் வந்தது. அதன் வழியில் 2006 முதல் 2018 வரை விற்கப்பட்ட, 38 மில்லிமீட்டர் அகலமுள்ள கடிகாரந்தான் பச்சை டயல் என்ற பிரஸ்தாபம் எழுந்தாலே ரசிகர்களுக்கு ஞாபகம் வருவது. ஆழ்ந்த காட்டுப்பச்சை, அதன்மேல் பொன்னிற எண்கள், மாதா கோவில் ஜன்னல்போல் வடிவமைந்த பொன்னிற முட்கள், டயலின் ஓரத்தில், தனியாக ஒரு சாவியைத் திருகினால் சுழலும் திசைகாட்டி வளையம். சூரியனையும் மணி முள்ளையும் வைத்துத் திசை அறியும் அந்த உபாயத்தை வாங்கியவர்களில் எத்தனை பேர் மலையில் பரீட்சித்தார்களோ, நான் சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பச்சைக்கும் பொன்னுக்கும் உள்ள பொருத்தத்தை அநுபவிக்க எந்த மலையும் ஏற வேண்டியதில்லை. பின்னால் வந்த அதன் வாரிசில், தேதி எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டக் கண்ணாடியின் மேல் ஒட்டிய பூதக்கண்ணாடி மட்டும் முகத்தில் ஒரு கொப்புளம். அதைச் சகித்துக்கொண்டவர்களைப் போலவே சகிக்க முடியாதவர்களும் நிறைய உண்டு.

பொன்னிறமும் பாலாடை நிறமும் பச்சைமேல் அழகாக அமைகின்றன என்பதைச் சொல்லும்போதே, எச்சரிக்கை ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். எஃகை அப்படியே மெருகேற்றிய வெள்ளி நிற முட்கள், கிரணக் கோடுகளுள்ள டயலின்மேல் சில கோணங்களில் மறைந்தே போகும். டயலும் பளபளப்பு, முள்ளும் பளபளப்பு என்றால் மணி சொல்வது யார்? முள்ளின் உடலிலாவது வெள்ளைப் பூச்சு நிரப்பப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தேதி காட்டும் ஜன்னலில் வெள்ளைச் சக்கரம் வைத்து, பச்சைப் புல்வெளியில் காகிதத் துண்டு விழுந்ததுபோல் விட்டுவிடும் கம்பெனிகள் பல. சக்கரமும் பச்சையாக இருந்தால் நலம். தேதியே இல்லாவிட்டால் இன்னும் நலம், அதற்குத்தான் நாள்காட்டி இருக்கிறதே. விநாடி முள்ளைச் சிவப்பாக வைப்பதும் இப்போது ஒரு மோஸ்தர். பச்சைமேல் சிவப்பு பகலில் துள்ளும், அந்தியில் முதலில் மறைவது அதுதான்.

நம் தேகவர்ணத்துக்குப் பச்சை பொருந்துமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், வெளுத்த மணிக்கட்டைவிட மாநிற மணிக்கட்டுக்கும் கறுத்த மணிக்கட்டுக்குமே ஆழ்ந்த பச்சை அதிகம் பொருந்தும் என்பது. வெள்ளை டயல் கறுத்த கையில் தூரத்திலிருந்தே கூப்பிடும். பச்சை கிட்டத்தில் வந்தவருக்கு மட்டும் தெரியும். வெள்ளை வேஷ்டியோடும் அது சண்டை போடாது, காக்கிச் சட்டையோடும் போடாது. கரும்பழுப்புத் தோல் வார் அதற்கு இயற்கையான ஜோடி. நல்ல தோலுக்கு வெளியூர் தேட வேண்டியதில்லை, ஆம்பூரிலும் இராணிப்பேட்டையிலும் பதனிடுகிறார்கள். ஆனால் சென்னையின் சித்திரை வைகாசியில் வியர்வை குடித்த தோல் வார் சீக்கிரம் நாறிப்போகும் என்பதால், வெயில் காலத்துக்கு ஒரு எஃகுச் செயினை வாங்கி வைத்துக்கொள்வது விவேகம்.

நடுவே ஒரு வார்த்தை. ஆண்களில் நூற்றுக்குச் சிலருக்குப் பிறவியிலேயே சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் சக்தி குறைவாக இருக்கும். அவர்களில் பலர் அதை அறியாமலே காலந்தள்ளுகிறார்கள். பிறந்தநாளுக்குப் புருஷனுக்குப் பச்சை டயல் வாங்கிக் கொடுத்து ஆச்சரியப்படுத்த எண்ணும் சகோதரிகள், இது நல்ல காப்பிக்கொட்டை வர்ணமாக இருக்கிறதே என்று அவர் மகிழ்ந்தால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய கடிகாரத்தில் மோகமுள்ளவர்களிடம் இன்னும் கண்டிப்பாகப் பேச வேண்டியிருக்கிறது. எச்.எம்.டி.யின் கைக்கடிகாரக் கம்பெனியை மூடிவிட மத்திய மந்திரிசபை 2016-இல் முடிவு செய்தபின், அந்தப் பெயரின்மேல் தேசமெங்கும் திடீரென்று ஒரு பாசம் பொங்கிற்று; பாசம் பொங்கிய இடத்தில் சரக்கும் வந்து குவிந்தது. பழுதான பழைய இயந்திரத்தைத் துடைத்து, எங்கோ அச்சடித்த புது டயலைப் பொருத்தி, மெருகேற்றிய கூட்டில் அடைத்து, பழைய பைலட், பழைய ஜனதா என்று ஆயிரம் இரண்டாயிரத்துக்கு விற்கிறார்கள். அந்தப் புது டயல்களில் கண்ணைப் பறிக்கும் பச்சையும் ஆரஞ்சும் தாராளம். முப்பது நாற்பது வருஷம் வெயிலும் ஈரமும் கண்ட முகம் அவ்வளவு இளமையாக இருக்க நியாயமில்லை. எழுத்துக்களின் விளிம்பு பூதக்கண்ணாடியில் கலங்கித் தெரிந்தாலும், எண்கள் நிமிஷக் கோடுகளோடு நேர்கோட்டில் நிற்காவிட்டாலும், முள்ளில் ஒளிப்பூச்சு இருந்து டயலில் இல்லாவிட்டாலும், அது பூர்வீக முகம் அல்ல என்று தெளியலாம். மலிவான கடிகாரம் என்று தெரிந்தே வாங்கிச் சந்தோஷமாகக் கட்டிக்கொள்கிறவரிடம் எனக்குத் தகராறு இல்லை. தாத்தா கட்டியது போன்ற அசல் என்று சொல்லி விற்பதுதான் அநியாயம்.

இயந்திரத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. செல்லில் ஓடும் குவார்ட்ஸ் மாதத்துக்குச் சில விநாடிதான் தவறும். கை அசைவில் தானே முடுக்கிக்கொள்ளும் ஆட்டோமேட்டிக், நாளொன்றுக்கே அவ்வளவு தவறும், பின்னும் சில வருஷங்களுக்கு ஒருமுறை பிரித்து எண்ணெய் இடக் கூலியும் கேட்கும். மணி மட்டும் வேண்டுபவர் முதலாவதை வாங்கட்டும். கண்ணாடி ஸஃபையராக இருந்தால் எளிதில் கீறல் விழாது. மழையில் நனைந்தால் பயமில்லாதபடி பத்து பார் அளவு நீர் தாங்குவதாக எழுதியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். ஒரே கடிகாரத்தில் கறுப்பு டயலுக்கு ஒரு விலை, பச்சை டயலுக்கு அதிகப்படி விலை என்று யாராவது கேட்டால் மட்டும் எழுந்து வந்துவிட வேண்டும். பச்சை அரக்குக்கும் கறுப்பு அரக்குக்கும் இடையே அப்படி ஒரு செலவு வித்தியாசம் கிடையாது, அது நாகரிகத்துக்குக் கட்டும் வரி.

கடைசியாக ஒரு விண்ணப்பம் இருக்கிறது. அதை அனுப்ப வேண்டிய விலாசம் ஸ்விட்ஸர்லாந்திலோ ஜப்பானிலோ இல்லை. டாட்டா நிறுவனமும் தமிழ்நாடு அரசின் தொழில் வளர்ச்சி நிறுவனமான டிட்கோவும் கூடி 1984-இல் ஏற்படுத்திய டைட்டன், ஹோசூரில் தொழிற்சாலை கட்டி, சாவிக் கடிகாரத்தையே நம்பியிருந்த தேசத்துக்குக் குவார்ட்ஸைப் பழக்கியது. 2002-இல் மூன்றரை மில்லிமீட்டர் கனமே உள்ள 'எட்ஜ்' கடிகாரத்தைச் செய்து, மெல்லிய வேலை ஐரோப்பியருக்கு மட்டும் உரியதல்ல என்று காட்டியது. அதன் பங்குகளில் கால்வாசிக்கு மேல் இன்றும் டிட்கோவிடம் இருக்கிறது. ஆகவே தமிழ்நாட்டுப் பிரஜை என்ற முறையில் அதனிடம் ஒன்று கேட்க எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று எண்ணுகிறேன். 36 மில்லிமீட்டருக்கு மேற்படாத எஃகுக் கூடு, தினமும் சாவி கொடுத்து ஓட்டும் இயந்திரம், கிரணக் கோடுகளின்மேல் ஆழ்ந்த கரும்பச்சைப் பூச்சு, பாலாடை நிற முட்கள், பன்னிரண்டு எண்களும் முழுமையாக; தேதி வேண்டாம், சிவப்பு விநாடி முள் வேண்டாம், கூட்டின் பின்புறம் கண்ணாடி ஜன்னல் வைத்து விலையை ஏற்றவும் வேண்டாம். ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் தவணையில் போகாமல் ஒரு மாதச் சம்பளத்தின் சிறு பகுதியில் வாங்கக்கூடிய விலையில் அதைச் செய்து, மாப்பிள்ளைச் சீர் வரிசைக் காலத்துக்கு முன்பாக, ஆவணி பிறப்பதற்குள் கடைகளுக்கு அனுப்பினால் போதும்.